புது வீட்டுக்குப் போகும் முன் நெட்டைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

ஆடி முடிந்ததும் வீடு மாறுகிற கூட்டம் ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: புது ஃபிளாட்டுக்குப் போகிறோம், நெட்டுக்கு என்ன செய்வது? வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பல வருடம் வீடு வீடாக லைன் இழுத்தவன் நான். அதனால் இந்த இதழ் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மடிப்பாக்கத்தில் இருந்து பெரும்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த மாதம் போகிறோம், நாலாவது மாடி. எனக்கு வீட்டில் இருந்துதான் வேலை, சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி மூன்று மணி வரை மாற்றி மாற்றி ஆபீஸ் கால் இருக்கும். போன தடவை வீடு மாறியபோது பத்தொன்பது நாள் நெட் இல்லாமல் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டினேன். மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. இந்தத் தடவை எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மடிப்பாக்கம்

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் நல்லது, இன்னும் ஒரு நாள் பொறுங்கள். மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா, கோடையில் லாரி வருமா என்று விசாரிக்காமல் சென்னையில் யாரும் வீடு பிடிப்பதில்லை. நெட்டை மட்டும் சாமான் இறக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் இருந்தே சம்பாதிக்கிறவருக்குத் தண்ணிக்கு அடுத்தது இதுதான், தண்ணியை விசாரிக்கும் நாளிலேயே இதையும் விசாரித்துவிட வேண்டும்.

ஓனரிடம் கேட்டால் "எல்லா நெட்டும் வரும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். புரோக்கரும் அதையே சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம். எந்தக் கம்பெனி ஆள் இங்கே அடிக்கடி ரிப்பேருக்கு வருகிறார் என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார், தினமும் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குகிறவர் அவர்தான். அப்புறம் உங்கள் ஃபிளாட்டுக்கு நேர் மேலே, நேர் கீழே இருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். பக்கத்து பிளாக்கில் நன்றாக வருகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் உங்களுக்கும் பெரும்பாலும் கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறும் ஒரே ஷாஃப்ட் வழியாகத்தான் லைன் வரும். "நெட் நல்லா இருக்கா" என்று கேட்டால் "ம், பரவாயில்லை" என்பதோடு முடிந்துவிடும். கடைசியாக எப்போது போனது, எத்தனை நாளில் வந்து சரிசெய்தார்கள், கரன்ட் போகும்போது நெட் நிற்கிறதா என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து அந்த ஷாஃப்டையே கண்ணால் பாருங்கள். லிஃப்ட் பக்கத்திலோ மாடிப்படி ஓரத்திலோ ஒரு சின்னக் கதவு இருக்கும், செக்யூரிட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, தொட்டால் சூடாக, கரன்ட் பிளக்கில் சொருகிய ஒரு பெட்டி இருந்து, அதிலிருந்து கொஞ்சம் தடித்த கேபிள்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போனால், அந்தக் கம்பெனி கட்டடம் வரைக்கும்தான் ஃபைபர் (நெட்டை வெளிச்சமாகக் கொண்டுவரும் கண்ணாடி இழை) கொடுத்திருக்கிறது, அங்கிருந்து வீட்டுக்கு வருவது சாதாரண லேன் கேபிள். அப்படி இல்லாமல், கரன்டே இல்லாத உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா ஒன்று இருந்து, அதிலிருந்து நூல் மாதிரி மெல்லிய கேபிள்கள் கிளம்பினால் அது ஸ்ப்ளிட்டர், அங்கே ஃபைபர் உங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் வரும். உங்களைப் போல ராத்திரி வேலை பார்க்கிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். முதல் வகையில் ஷாஃப்டில் இருக்கிற பெட்டிக்குக் கரன்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் வராது. ஸ்ப்ளிட்டருக்குக் கரன்டே தேவையில்லை, வெளிச்சத்தைப் பிரித்து அனுப்புகிற கண்ணாடி வேலை மட்டும்தான் அது.

உங்களுடைய அந்தப் பத்தொன்பது நாள் கதைக்குக் காரணமும் அநேகமாக அந்த டப்பாதான். ஆப்பில் பின்கோடு போட்டால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வந்துவிடும், பணமும் கட்டிவிடுவோம். டப்பாவில் வீட்டு லைனைச் சொருகும் போர்ட் எட்டோ பதினாறோ இருக்கும், அதில் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஆள் இருந்தால் லைன்மேன் வந்து பார்த்துவிட்டு "போர்ட் இல்ல மேடம், மேல சொல்லியிருக்கேன்" என்று போய்விடுவார். புது டப்பா வர ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அதனால் ஆப் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த ஏரியா லைன்மேன் நேரில் வந்து ஷாஃப்டைப் பார்த்து "போர்ட் இருக்கு" என்று சொன்ன பிறகு கட்டுங்கள். அவருடைய நம்பர் மேல் வீட்டுக்காரரிடமே கிடைக்கும்.

சரி, எப்போது போடச் சொல்வது? சாமான் வருவதற்கு முன்னால். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. காலி வீட்டில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, பீரோவும் கட்டிலும் சுவரை அடைத்த பிறகு அரை நாள் ஆகும், அதுவும் லைன்மேன் எங்கே வசதியோ அங்கே ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார். பால் காய்ச்சும் நாள் இருக்கிறதே, அது இதற்கு ரொம்பப் பொருத்தம். சாவி கையில் இருக்கும், கரன்ட் இருக்கும், வீட்டில் ஆள் இருக்கும், வீடு காலியாக இருக்கும். ஆனால் ஆவணியிலும் தையிலும் நல்ல நாளாகப் பார்த்து ஊரே வீடு மாறும், மாதம் பிறக்கும் நேரத்தில் லைன்மேன் கையில் நிற்காமல் வேலை இருக்கும். இரண்டு வாரம் முன்பே சொல்லிவைத்து, முந்தின நாள் மறுபடி ஒரு போன் போடுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் ஆதாரையும் தயாராக வையுங்கள், ஆதாரில் பழைய முகவரி இருந்தால் ஒப்பந்தம்தான் புது முகவரிக்குச் சான்று.

பழைய இணைப்பை ஷிஃப்ட் செய்யலாமா, புதிதாக எடுக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். உங்கள் நிலைமையில் புதிதாக எடுங்கள், கணவர் பெயரில் எடுத்தாலும் சரி. ஷிஃப்டிங் கேட்டால் பல நேரம் பழைய வீட்டில் லைன் நிற்கிற தேதி ஒன்று, புது வீட்டில் வருகிற தேதி ஒன்று என்று ஆகிவிடுகிறது, நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். 499 ரூபாய் திட்டம் என்றால் 18 சதவிகித ஜிஎஸ்டி சேர்த்து 589 ரூபாய். அந்த ஒரு மாதப் பணம் கூடுதலாகப் போனால் போகட்டும், புது லைன் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதை நிறுத்துங்கள். வருடக் கட்டணம் மொத்தமாகக் கட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் ஷிஃப்டிங் லாபம். அவர்கள் "புது இடத்தில் இணைப்பு வந்த பிறகே பழையது நிற்க வேண்டும்" என்று மெயிலில் எழுதிப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

புது வீட்டில் முதல் இரண்டு மாதம் மாதாமாதம் கட்டுங்கள். ஆறு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம், ரூட்டர் இலவசம் என்றெல்லாம் சொல்வார்கள். லைன் எப்படி என்று தெரிவதற்கு முன்னால் ஆறு மாதப் பணத்தைக் கொடுத்துவிட்டால், சரியில்லாதபோது விட்டுப் போகிற வழி உங்களுக்கு இருக்காது.

இன்னொன்று. ராத்திரி மூன்று மணிக்கு லைன் போனால் எந்தக் கம்பெனியில் இருந்தும் ஆள் வரமாட்டார். ஆகவே இரண்டாவது வழி ஒன்று உங்களுக்குக் கட்டாயம் வேண்டும், அது முதல் வழியோடு சேர்ந்து வராததாக இருக்க வேண்டும். இரண்டு கம்பெனி ஃபைபர் எடுத்து இரண்டும் ஒரே தெருக் கம்பத்தில் தொங்கி வந்தால், ஒரு லாரி உரசினாலே இரண்டும் போய்விடும். ஃபைபர் ஒரு கம்பெனி, மொபைல் டேட்டா வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட்டைப் பார்க்கப் போகும்போது ராத்திரி ஒன்பது மணிவாக்கில் போய், நீங்கள் உட்காரப்போகும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஸ்பீடு பாருங்கள். பால்கனியில் நின்று பார்த்தால் எல்லா டவரும் நன்றாகத்தான் வரும். டவரில் இருந்து நேராக வீட்டுக்கு வரும் 5ஜி இணைப்பும் இப்போது உண்டு, ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் எட்டு நகரங்களில் தொடங்கியபோது சென்னையும் அதில் ஒன்று. ஃபைபர் வருகிற இடத்தில் அதை முதல் இணைப்பாக எடுக்க நான் சொல்லமாட்டேன், ஒரே டவரை ஏரியா முழுக்கப் பங்குபோடுவதால் சாயங்காலம் தொய்ந்துவிடலாம். ஃபைபர் வர மூன்று வாரம் ஆகும் என்று சொல்கிற வீட்டில் அதுவரை தாக்குப்பிடிக்கத் தாராளமாக உதவும்.

ஓனர் சுவரில் ஒரு ஆணி அடிக்கவே விடமாட்டேன் என்கிறார். ஃபைபருக்கு ஓட்டை போட வேண்டும் என்று லைன்மேன் நிற்கிறார். நடுவில் நான்.
– வாசகர், குரோம்பேட்டை

ஓட்டை போடாமலேயே முடியும், லைன்மேனுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஏறக்குறைய எல்லா ஃபிளாட்டிலும் ஹாலில் டிவி பாயிண்ட்டோ பழைய டெலிபோன் பாயிண்ட்டோ இருக்கும், அதற்கு ஷாஃப்டில் இருந்து சுவருக்குள்ளேயே கன்சீல்டு பைப் போட்டிருப்பார்கள். அந்த மூடியைக் கழற்றினால் யாரும் பயன்படுத்தாத பழைய டெலிபோன் ஒயர் ஒன்று சுருண்டு கிடக்கும். அதன் நுனியில் ஃபைபரை இன்சுலேஷன் டேப்பால் இறுகக் கட்டி, மறுமுனையில் ஷாஃப்டில் நின்று மெதுவாக இழுத்தால் பழைய ஒயர் வெளியே வர, ஃபைபர் உள்ளே போய்விடும். பைப் அடைத்திருந்தால் ஏசி குழாய் போகிற ஓட்டையில் ஃபைபருக்கும் இடம் இருக்கும், அதுவும் இல்லையென்றால் ஸ்லைடிங் ஜன்னலின் ஓரம்.

ஜன்னல் வழியாகக் கொண்டுவந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபைபர் உள்ளே இருப்பது தலைமுடி அளவு கண்ணாடி. நசுங்கினாலோ சுள்ளென்று மடங்கினாலோ வெளிச்சம் போகாது. ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றினால் எவ்வளவு வளையுமோ அதைவிடக் குறுகலாக எங்கேயும் வளைக்காதீர்கள். மிச்சக் கேபிளை வெட்டச் சொல்லாமல் ரூட்டர் பின்னால் ஒரு வளையமாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், நாளை ரூட்டரை இரண்டடி நகர்த்த வேண்டுமென்றால் அது கைகொடுக்கும். ஓனருக்கு வேலை தொடங்கும் முன் சுவரை ஒரு போட்டோ, முடிந்த பிறகு ஒரு போட்டோ அனுப்பிவிடுங்கள். அவருடைய பயம் நியாயமானது, போன குடித்தனக்காரர் போட்ட ஓட்டை வழியாக மழைத்தண்ணி இறங்கி உள்சுவர் பொரிந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

200 எம்பிபிஎஸ் பணம் கட்டுகிறேன். ஹாலில் நன்றாக வருகிறது. பெட்ரூமில் பார்த்தால் எட்டு, பத்து. கம்பெனியில் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், தாம்பரம் மேற்கு

ஏமாற்றவில்லை, அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ரூட்டர் வரைக்கும் வருவது அவர்கள் பொறுப்பு, ரூட்டரில் இருந்து உங்கள் கட்டில் வரைக்கும் வருவது உங்கள் வீட்டுச் சுவர்களைப் பொறுத்தது. முதலில் இது இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் ரூட்டரோடு சேர்த்து ஸ்பீடு பாருங்கள். 190க்கு மேல் வந்தால் லைன் சரி. 94, 95 என்று அங்கேயே நின்றுவிட்டால், கோளாறு லைனில் இல்லை, அந்த ரூட்டரின் போர்ட் 100க்கு மேல் தாங்காத பழைய வகையாக இருக்கும், இல்லையென்றால் கேபிளில் எட்டுக் கம்பிக்குப் பதில் நாலுதான் இணைந்திருக்கும். கம்பெனி கொடுத்த ரூட்டர் என்றால் 1000 வரை தாங்கும் கிகாபிட் போர்ட் உள்ளதாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை, 200க்குப் பணம் வாங்கிவிட்டு 100 மட்டுமே தாங்கும் பெட்டியைக் கொடுப்பது சரியில்லை.

இனி பெட்ரூம். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வரும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சிரமப்படும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் ஒரு அபார்ட்மென்ட்டில் முப்பது வீட்டு ரூட்டரும் அதில்தான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இப்போது கட்டுகிற பல அபார்ட்மென்ட்டுகளில் சுவரே முழுக்கக் கான்கிரீட், உள்ளே கம்பி வலை, அந்தச் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட செத்துவிடும்.

ஒரு தடவை மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். பையன் பன்னிரண்டாம் வகுப்பு, ஆன்லைன் வகுப்பில் முகம் உறைந்து உறைந்து நிற்கிறது, மூன்று முறை கம்ப்ளெயின்ட் கொடுத்தும் சரியாகவில்லை. ரூட்டர் எங்கே என்றால், அழகாக இருக்க வேண்டும் என்று டிவி யூனிட்டின் கீழ் அறையில் கதவு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். முன்னால் 50 அங்குல டிவி, பக்கத்தில் மீன் தொட்டி. தண்ணீர் வைஃபையை நன்றாகவே குடிக்கும், டிவியின் பின்புறம் தகடு. ரூட்டரை எடுத்து ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருந்த பாசேஜில், கதவு நிலைக்கு மேலே மாட்டினோம், அதற்கு ஆறு மீட்டர் ஃபைபர்தான் கூடுதலாக ஆயிற்று. அந்தப் பையன் அறையில் 6-ல் இருந்தது 110 ஆயிற்று. அந்த அம்மா அதற்குள் 1,800 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டென்டர் வாங்கி வைத்திருந்தார், பெட்டியைப் பிரிக்கவே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

எக்ஸ்டென்டரைப் பற்றி என் கருத்து எப்போதும் ஒன்றுதான், முடிந்தவரை வேண்டாம். விலை குறைந்த எக்ஸ்டென்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். இரண்டு பெட்ரூமுக்கு மேல் பெரிய வீடு என்றால் ஹால் ரூட்டரில் இருந்து உள்ளே ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட்டாக, அதாவது கேபிளில் வருவதை அங்கே வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக, வையுங்கள். செலவு ஒரு முறைதான், நீங்கள் இருக்கும் வரை தொல்லை இல்லை.

200 எடுப்பதா, 300 எடுப்பதா? நாங்கள் நாலு பேர்.
– வாசகி, நங்கநல்லூர்

100 போதும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான், வீடியோ காலுக்கு நல்ல தரத்தில் நாலு ஐந்து போதும். நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 100-ஐத் தொடமாட்டீர்கள். மிச்சப் பணத்தில் நல்ல ரூட்டர் வாங்குங்கள். அப்லோடு எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில திட்டங்களில் இறங்கும் வேகம் 100, ஏறும் வேகம் அதில் கால்வாசி என்று இருக்கும், வீடியோ காலில் உங்கள் முகம் மற்றவர்களுக்கு மங்கலாகத் தெரிவது அதனால்தான். "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும் பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்று ஓர் எல்லை உண்டு. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்து அதே பகுதியில் மூன்றாவது மாடிக்கு மாறுகிறோம், 2023 வெள்ளம் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மழைக்காலத்தில் நெட் நிற்காமல் இருக்க ஏதாவது வழி?
– வாசகர், வேளச்சேரி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளை மறக்க முடியாதுதான். மிக்ஜாம் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. கரன்ட் இல்லாமல் டவர்களும் நின்றுபோய், மாடியில் இருந்தவர்களுக்கு ஒரு போன் செய்யக்கூட சிக்னல் இல்லை. அந்த மாதிரி நாளுக்கு எந்த ஏற்பாடும் முழுசாகத் தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடித்தபோது வேறு மாதிரி, தண்ணீர் அவ்வளவு இல்லை, மரம் மரமாக விழுந்து மேலே தொங்கிய கேபிள் எல்லாம் அறுந்துபோயிற்று, நாங்கள் வாரக்கணக்கில் தெருத் தெருவாக ஒட்டுப்போட்டோம்.

ஆனால் வருடத்தில் மிச்ச நாட்களுக்கு நிறையச் செய்யலாம். புது அபார்ட்மென்ட்டில் நெட் கம்பெனிகளின் பெட்டி எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தில் இடுப்பளவு உயரத்தில் இருந்தால், நீங்கள் மூன்றாவது மாடியில் இருந்தும் பலனில்லை, உங்கள் நெட் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. அசோசியேஷனிடம் சொல்லி முதல் மாடிக்கு ஏற்றச் சொல்லுங்கள், மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள்.

அப்புறம் கரன்ட். மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்தும் நாட்களில் காலை ஒன்பதில் இருந்து மதியம் இரண்டு வரை ஷட்டவுன் என்று பேப்பரில் வரும், அதைத் தவிர மழையில் போவது தனி. அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க பத்து விநாடி ஆனால்கூட ரூட்டர் அணைந்து, திரும்ப உயிர் பெற்று லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பேசிக்கொண்டிருக்கும் ஆபீஸ் கால் பாதியில் அறுந்துவிடும். ரூட்டருக்கென்றே மினி யுபிஎஸ் விற்கிறார்கள், ஆயிரத்தில் இருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் ரூட்டர் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் 12 வோல்ட், ஒன்று அல்லது ஒன்றரை ஆம்பியர். வோல்ட் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஆம்பியர் யுபிஎஸ்ஸில் கூடுதலாக இருந்தால் தப்பில்லை. மூன்று நாலு மணி நேரம் ஓடும். ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) தனி, ரூட்டர் தனி என்று இரண்டு பெட்டி இருந்தால் இரண்டுக்கும் கரன்ட் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மழை பெய்தால் மட்டும் நெட் விட்டுவிட்டு வருகிறது என்றால் எங்கோ ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது. லைன்மேன் வரும்போது ஃபைபரில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டரில் ரீடிங் பார்த்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்று ஓடினாலும் நாளை மழையில் பெட்டியில், வெளிச்சம் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். "ஓடுதே சார்" என்று சொன்னால் விடாதீர்கள், அந்த ஜாயின்ட்டை வெட்டி மறுபடி போடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

நாங்கள் இருவரும் வயதானவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். புதிதாக வந்திருக்கும் அபார்ட்மென்ட்டில் ஒரே ஒரு கம்பெனியைத்தான் உள்ளே விடுவோம் என்கிறது அசோசியேஷன். அந்தக் கம்பெனி நெட் வாரத்தில் இரண்டு நாள் இல்லை. பேரனை வீடியோ காலில் பார்ப்பதே குதிரைக் கொம்பாக இருக்கிறது.
– வாசகர், பள்ளிக்கரணை

ஐயா, உங்கள் கடிதம்தான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பேரனைப் பார்க்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கிற பெரியவர்கள் வீட்டுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

இப்படி ஒரே கம்பெனிக்குக் கதவைத் திறப்பது தப்பு. சில இடங்களில் பில்டர் காலத்திலேயே ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள், சில இடங்களில் அசோசியேஷனுக்கு அந்தக் கம்பெனி மாதாமாதம் ஏதாவது தருகிறது, சில இடங்களில் உண்மையிலேயே ஷாஃப்டில் ஒயர் குப்பையாகிவிடும் என்ற பயம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியிலேயே கட்டடங்களுக்குள் எல்லா நிறுவனங்களுக்கும் பாகுபாடில்லாமல் இடம் கிடைக்க வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரை செய்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு இணைய, மொபைல் வசதியைப் பார்த்து ஸ்டார் மதிப்பீடு கொடுக்கும் ஒழுங்குமுறையையும் கொண்டுவந்தது. அந்த மதிப்பீட்டைக் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் நாளை ஃபிளாட்டை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ வருகிறவர்கள் கேட்கப்போகிற கேள்வி இதுதான் என்று அசோசியேஷனிடம் எடுத்துச் சொல்லலாம்.

சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். உங்களைப் போலவே கஷ்டப்படுகிற ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, கடந்த இரண்டு மாதத்தில் நெட் இல்லாத தேதிகளை ஒரு தாளில் எழுதி, பொதுக்குழுக் கூட்டத்தில் வையுங்கள். இரண்டாவது கம்பெனியின் ஒயர் எந்த வழியாக வரும், டேக் போட்டுக் கட்டுவார்களா என்று அந்தக் கம்பெனி ஆளையே வந்து காட்டச் சொன்னால் ஒயர் குப்பை பயம் போய்விடும். அதுவரை ஒரு 5ஜி சிம் போட்ட ஹாட்ஸ்பாட் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, ஜன்னல் ஓரம் வைத்தால் போதும்.

காலி செய்த வீட்டு நெட்டை நிறுத்தச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது, இன்னும் பில் வருகிறது. பெட்டியைத் திருப்பித் தரவில்லை, 2,500 ரூபாய் கட்டு என்கிறார்கள். பெட்டியை அவர்கள் ஆள்தான் வந்து எடுத்துப் போனார்.
– வாசகி, ஆதம்பாக்கம்

கஸ்டமர் கேருக்குப் போன் செய்து பேசிக்கொண்டே இருக்காதீர்கள். புகார் எண் வாங்குங்கள், அது இல்லாத பேச்சுக்குக் கணக்கு இல்லை. அதில் தீராவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும், 2012-ஆம் வருட டிராய் விதிப்படி அது இருந்தே ஆக வேண்டும், கட்டணமும் கிடையாது. புகார் எண்ணோடு அவருக்கு மெயில் எழுதுங்கள், நிறுத்தச் சொன்ன தேதி, அனுப்பிய மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், ஆள் வந்து பெட்டியை எடுத்துப்போன நாள், அவர் போன் செய்த நம்பர் எல்லாவற்றையும் சேர்த்து. டிராய்க்கே எழுதுகிறேன் என்று பலர் ஆரம்பிக்கிறார்கள், டிராய் தனிப்பட்ட புகார்களைத் தானே விசாரிப்பதில்லை, நேரம்தான் வீண். மேல்முறையீட்டிலும் சரியாகாவிட்டால் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறையின் பெயரில் புகார் பதியலாம். அங்கே போன பிறகு கம்பெனியில் இருந்து போன் வந்ததைப் பல பேர் விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

எடுத்துப் போனவரிடம் ரசீது வாங்கினீர்களா என்று எழுதவில்லை, வாங்கியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் அன்றைக்கு அவர் பெயரும் கம்பெனி பெயரும் இருக்கும், முதல் வேலையாகப் பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.